ஏழு தலைவர்களின் இடது கால்

ஊருக்குள் குதிரை மேல் அமர்ந்திருக்கும் சிலைகள் மொத்தம் ஏழு. ஏழுக்கும் தலை வேறு வேறு; உடம்பு மட்டும் ஒன்றுதான். அந்த உடம்புக்குச் சொந்தக்காரர் தினமும் காலையில் மதியச் சாப்பாட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பேருந்துக் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி, அந்த ஏழில் மூன்றைக் கடந்து வேலைக்குப் போவார். சிலைக்கு வணக்கம் வைக்கிற பயணிகள் உண்டு. இவருக்கு எழுந்து இடம் கொடுத்தவர் ஒருவர்கூட இல்லை.

ஓவியக் கல்லூரியில் எல்லாரும் அவரைச் சவாரி என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா அம்மா வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது. அதை யாரும் வெளியே எடுப்பதில்லை. அவருடைய வேலை உட்கார்வது. நான்கு கால் வைத்த ஒரு மரப் பீப்பாயின் மேல் பழைய சேணம் ஒன்றைக் கட்டியிருந்தார்கள். அதில் ஏறி, கையில் கடிவாளத்துக்குப் பதிலாக ஒரு கயிற்றைப் பிடித்து, ஐம்பது நிமிடம் அசையாமல் இருந்தால் ஒரு வகுப்பு முடியும். மாணவர்கள் சுற்றி உட்கார்ந்து வரைவார்கள். பத்து நிமிட இடைவேளை. மறுபடியும் ஏற்றம். இப்படி இருபத்தாறு வருடம்.

உட்கார்வதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் அவர் உட்கார்ந்ததைப் பார்த்ததில்லை. வகுப்பெடுக்கிற பெயிண்டிங் மேடம் கதவைத் திறந்துகொண்டு வரும்போதே சவாரி கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

"எந்த நூற்றாண்டு மேடம்?"

மேடம் சொல்வதைப் பொறுத்துக் கால் மாறும். கல்லில் செதுக்கிய பழைய வீரர்கள் என்றால் பாதம் தாங்க எதுவும் கிடையாது. கால் வைக்கிற இரும்பு வளையம், அந்த அங்கவடி, அப்போது அவர்களிடம் இல்லை. கால்கள் வெறுமனே தொங்கும், விரல்கள் தரையைப் பார்க்கும். இரும்புக் கவசக்காரர்கள் என்றால் காலை முன்னால் நீட்டி, நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்க மறந்த மாதிரி விறைப்பாக இருக்க வேண்டும். அரண்மனை ஓவியங்கள் என்றால் ஒரு கை இடுப்பில். பின்னால் ஊரே தீப்பற்றி எரிகிற படமாக இருந்தாலும் முகத்தில் மதியச் சாப்பாடு முடிந்த நிம்மதி தெரிய வேண்டும். வேட்டைப் படங்களில் குதிரை நான்கு காலையும் முன்னும் பின்னுமாக விரித்துப் பறக்கும். மேலே இருப்பவர் குனிய வேண்டும். எந்தக் குதிரையும் அப்படி ஓடுவதில்லை என்று பிற்பாடு புகைப்படக் கருவி வந்து காட்டிக் கொடுத்தது. அதற்குள் குதிரைகள் பல நூறு வருடம் பொய்யாகப் பறந்து முடித்துவிட்டன.

ஆதி மனிதர் குகைச் சுவரில் வரைந்ததை நடத்துகிற வாரம் மட்டும் அவருக்கு விடுமுறை. அந்தச் சுவர்களில் குதிரை உண்டு, மேலே ஆள் கிடையாது.

"அவங்கதான் மேடம் நல்லவங்க," என்பார் சவாரி. "குதிரையைப் பார்த்தாங்க, நல்லா இருந்துச்சு, வரைஞ்சாங்க. அதுக்கப்புறம் வந்தவங்கதான் 'என்னையும் மேல வச்சு வரை'ன்னு கிளம்பிட்டாங்க."

அப்படிக் கிளம்பியவர்களின் வரிசை இந்த ஊரில் ஏழில் வந்து நின்றது. யாருக்காவது சிலை வைப்பதென்று முடிவானால் வேலை கல்லூரிக்கு வரும். உடம்புக்குச் சவாரி உட்காருவார். தலைக்குச் சம்பந்தப்பட்டவரின் பழைய புகைப்படம் ஒன்று வரும். படைத் தளபதி, நகரத்தை நிறுவியவர், வங்கி தொடங்கியவர், கப்பல் வியாபாரி என்று ஏழு பேர். வங்கிக்காரர் ஆயுள் முழுக்க ரயிலில்தான் போனவர். கப்பல் வியாபாரிக்குத் தும்மல். குதிரை தெருமுனையில் வந்தாலே மூக்கு ஒழுகும் என்று அவருடைய பேத்தியே சொல்லியிருக்கிறார். ஆனாலும் வெண்கலத்தில் வார்த்தபோது எல்லாரும் குதிரை ஏறிவிட்டார்கள்.

ஏழு சிலைகளிலும் இடது பாதம் மட்டும் கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். அதற்குக் காரணம் ஒரு சைக்கிள். பத்தொன்பது வயதில், எதிரே ஒரு பெண் வருகிறாள் என்று இரண்டு கையையும் விட்டுவிட்டு ஓட்டிக் காட்டினார் சவாரி. சைக்கிள் சாக்கடைக்குள் போனது. அவருடைய கால் சாக்கடை ஓரத்துக் கல்லில் மாட்டியது. எலும்பு சேர்ந்தது, திசை மட்டும் தவறிவிட்டது. அந்தப் பெண் சிரித்துவிட்டு, பிறகு இரக்கப்பட்டு, பிறகு அவரையே கட்டிக்கொண்டார்.

இந்த விவரம் சிலைகளைப் பற்றிக் கையேடு எழுதிய அறிஞருக்குத் தெரியாது. அவர் ஏழு சிலைகளையும் சுற்றிச் சுற்றி வந்து ஒரு முடிவுக்கு வந்தார். 'இடது பாதம் வெளியே திரும்பியிருந்தால், அவ்வீரர் போரில் தோற்றதே இல்லை என்பது குறிப்பு' என்று அச்சில் போட்டார். சுற்றுலா வழிகாட்டிகள் அதையே ஒப்பிக்கத் தொடங்கினார்கள். யோசித்தால் அதில் தவறும் இல்லை. வங்கிக்காரர் போரில் தோற்றதே இல்லை. போனால்தானே தோற்பதற்கு.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அரசுத் தணிக்கைக்காரர்கள் பழைய பணியிடப் பட்டியலைத் தூசி தட்டுகிற வரை. சவாரியைச் சேர்த்த காலத்தில், 'படத்துக்கு உட்கார ஓர் ஆள்' என்று கேட்டிருந்தார் அப்போதைய கல்லூரி முதல்வர். அது கண்ணியமான வேலையாகத் தெரியவில்லை என்று மேலிடம் திருப்பி அனுப்பிவிட்டது. முதல்வர் சாமர்த்தியசாலி. அதே காகிதத்தில் 'குதிரை வீரர் – ஒன்று' என்று மாற்றி அனுப்பினார். மூன்றே நாளில் அனுமதி வந்தது. வீரர் என்றால் மறுப்பதற்கு யாருக்கும் மனசு வருவதில்லை.

இருபத்தாறு வருடம் கழித்து வந்த கடிதம் இப்படிக் கேட்டது: 'தங்கள் கல்லூரியில் குதிரை வீரர் ஒருவர் உள்ளார். குதிரை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. அவர் இதுநாள்வரை எதை ஓட்டி வருகிறார் என்பதைத் தெளிவுபடுத்தவும்.'

அலுவலக எழுத்தர் நேர்மையானவர். 'பீப்பாயை' என்று பதில் எழுதிவிட்டார்.

இரண்டாவது கடிதத்தில் நகைச்சுவை எதுவும் இல்லை. வருகிற பதினெட்டாம் தேதி ஓர் அதிகாரி நேரில் வருவார். குதிரை வீரர் அவர் முன்னால் உயிருள்ள குதிரை ஒன்றை ஓட்டிக் காட்ட வேண்டும். தவறினால் மாத முடிவோடு பணியிடம் ரத்து. ஓய்வுபெற இன்னும் நான்கு வருடம் இருந்தது. ஐம்பத்து நான்கு வயதில், உட்கார்வதைத் தவிர வேறெதுவும் தெரியாத ஒருவருக்கு இன்னொரு வேலை என்பது குதிரைக்கொம்பு.

வீட்டில் மனைவி தையல் எந்திரத்தில் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தார். கடிதத்தை முழுசாகக் கேட்டுவிட்டு ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"குதிரை மேல உட்காரத் தெரியுமான்னுதானே கேக்குறாங்க? உங்களுக்குத் தெரியாதா?"

"உட்காரத் தெரியும். அது நகர்ந்தா என்ன பண்றதுன்னுதான் தெரியாது."

"சைக்கிள் நகர்ந்தப்பவே தெரியலையே."

"விளையாடாத. வேலை போயிடும்."

எந்திரம் நின்றது. "ஏங்க, இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட நிஜக் குதிரையில ஏறினதில்லையா?"

"தொட்டதுகூட இல்ல."

"அப்ப ஊர்ல நிக்கிற ஏழு பேரு?"

"அவங்களும்தான் ஏறினதில்ல. அவங்களை யாராவது கேட்டாங்களா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை பந்தயத் திடலின் வேலிக்கு வெளியே போய் நின்று பார்த்தார். குதிரைகள் அவர் நினைத்ததைவிட உயரமாக இருந்தன. அதைவிடப் பெரிய அதிர்ச்சி, அவை மூச்சு விட்டன. விலா எலும்பு ஏறி இறங்கியது. தோலில் ஓர் ஈ உட்கார்ந்தால் அந்த இடம் மட்டும் தனியாகத் துடித்தது. பீப்பாய் அந்த மாதிரி எதுவும் செய்ததில்லை. வேலியோரம் வந்த ஒரு குதிரை கழுத்தைத் திருப்பி அவரை மேலும் கீழும் பார்த்தது. எல்லாம் தெரிந்துகொண்டுதான் பார்க்கிறது என்று பட்டது அவருக்கு. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

பதினெட்டாம் தேதி கல்லூரி முற்றத்தில் ஒரு பழுப்புக் குதிரை வந்து நின்றது. காவல்துறையில் பதினைந்து வருடம் உழைத்து ஓய்வு பெற்றது. கூட்டம் கலவரம் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்று பழகியது.

"பயப்படாதீங்கண்ணே," என்றார் குதிரையைக் கொண்டுவந்தவர். "இதுக்கு நிக்கத்தான் தெரியும். கல்லெறிஞ்சாலும் நிக்கும்."

"நடக்குமா?"

"அது சரியா ஞாபகம் இல்லண்ணே."

அதிகாரி காரிலிருந்து இறங்கினார். தலைமுடியை வாரி ஒட்டவைத்திருந்தார். கையில் ஒரு படிவம். அதில் ஐந்து கட்டங்கள்: ஏறுதல், நகர்த்துதல், திருப்புதல், நிறுத்துதல், இறங்குதல். பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"ம், ஏறுங்க."

சவாரிக்குப் பழக்க தோஷம். "எந்த நூற்றாண்டு சார்?"

"என்னய்யா கேக்குறீங்க?"

"காலு எப்படி வைக்கணும்னு தெரியணும்ல சார்."

"இந்த நூற்றாண்டுதான்! வேற எதுல உட்காருவீங்க?"

"இந்த நூற்றாண்டுல பெரியவங்க யாரும் குதிரையில உட்காரலியே சார். நீங்களே கார்லதான வந்தீங்க."

பெயிண்டிங் மேடம் இருமி, "அரண்மனை வச்சுக்கங்க சவாரி," என்றார். குதிரைக்காரர் முட்டுக் கொடுக்க, ஒரு ஸ்டூலின் உதவியோடு சவாரி மேலே போய்ச் சேர்ந்தார். தொடைக்குக் கீழே சூடாக ஏதோ மூச்சு விட்டதும் அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது. பயந்த உடம்பு தனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தது: இறுகி நின்றது. முதுகு நிமிர்ந்தது. ஒரு கை தானாக இடுப்புக்குப் போனது. பின்னால் ஊர் எரிந்தாலும் எனக்கென்ன என்கிற அந்த நிம்மதி முகத்தில் வந்து படிந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே ஒரு சொட்டுத் தெரியவில்லை.

அதிகாரி ஒரு கணம் வாயைத் திறந்தபடி பார்த்தார். பிறகு சுதாரித்துக்கொண்டு, "நகர்த்துங்க," என்றார்.

சவாரி நகர்த்தவில்லை. குதிரையும் நகரவில்லை. இருவருமே அசையாமல் இருப்பதற்கென்றே காலமெல்லாம் சம்பளம் வாங்கியவர்கள்.

"நகர்த்துங்கன்னு சொன்னேன்!"

கல்லெறிந்தாலே நகராத குதிரை, அதிகாரியின் குரலுக்கா நகரும்? இதற்குள் மணி அடித்தது. இரண்டாம் ஆண்டு மாணவர்கள் அட்டையும் ஸ்டூலுமாக முற்றத்துக்கு வந்தார்கள். சவாரி உட்கார்ந்திருக்கிறார் என்றால் வகுப்பு தொடங்கிவிட்டது என்று அவர்களுக்கு அர்த்தம். யாரையும் கேட்காமல் சுற்றி உட்கார்ந்து வரையத் தொடங்கினார்கள். நிஜக் குதிரை வேறு. சத்தமே இல்லை; கரி காகிதத்தில் உரசுவது மட்டும் கேட்டது. அந்த அமைதியில் கத்துவதற்கு அதிகாரிக்கே கூச்சமாக இருந்திருக்க வேண்டும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மாணவர்களின் முதுகுக்குப் பின்னால் நடக்க ஆரம்பித்தார்.

நான்காவது மாணவியின் பின்னால் நின்றவர், ஐந்தாவது படத்தையும் ஆறாவது படத்தையும் திரும்பத் திரும்பப் பார்த்தார். குதிரை இருந்தது. உடம்பு இருந்தது. இடுப்பில் கை இருந்தது. கழுத்துக்கு மேலே எல்லாக் காகிதத்திலும் வெறும் வெள்ளை.

"ஏம்மா, யாருமே தலை போடலியே?"

"தலை அப்புறம் சார்," என்றார் மேடம். "எங்க வழக்கம் அது. உடம்பை முதல்ல முடிச்சுடுவோம். யாருக்குன்னு முடிவானதும் அவங்க தலை வரும்."

"யாருக்குன்னா..."

"யாருக்கு வேணும்னாலும்."

இருபத்திரண்டு குதிரை வீரர்கள் தலைக்காகக் காத்திருந்தார்கள். அதிகாரி தொண்டையைச் செருமினார். ஒட்டவைத்த முடியை உள்ளங்கையால் ஒருமுறை அழுத்திக்கொண்டார். இந்த உலகத்தில் குதிரை மேல் தன்னை வரையச் சொன்ன முதல் ராஜாவும் கிட்டத்தட்ட இப்படித்தான் செருமியிருப்பார்.

"எங்க ஆபீஸ் வரவேற்பறைல ஒரு சுவர் சும்மாதான் கிடக்கு," என்றார், யாருக்கோ சொல்வது போல.

மேடம் சிரிக்கவில்லை. அதுதான் அவருடைய திறமை. "முகம் மட்டும் குடுத்தா போதும் சார். அந்த நாற்காலியில உட்காருங்க. கண்ணு அந்தத் தண்ணித் தொட்டி மேலயே இருக்கட்டும். அசையக் கூடாது."

"அந்த இடது கால்..." என்று தாழ்ந்த குரலில் கேட்டார் அதிகாரி. "அது கொஞ்சம் வெளிய திரும்பியிருக்கணுமாமே? தோக்காதவங்களுக்கு."

"அது தானா வந்துடும் சார்."

அதிகாரி உட்கார்ந்தார். படிவம் மடியில் இருந்தது, கண் தண்ணீர்த் தொட்டியில் இருந்தது. சரியாக அந்த நேரம் பார்த்து, முற்றத்தின் மறுகோடியில் வேலிச்செடி ஒன்று காற்றில் அசைந்தது. பழுப்புக் குதிரை அதைப் பார்த்தது. நடப்பது எப்படி என்று அதற்கு ஞாபகம் வந்துவிட்டது.

ஓர் அடி, இரண்டு அடி என்று முற்றத்தைக் கடந்து நடந்தது. செடியைத் தின்றது. பக்கத்துச் செடிக்காக இடது பக்கம் திரும்பியது. அங்கே நின்றது. படிவத்தின் ஐந்து கட்டங்களில் மூன்று, அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் ஒழுங்காக வரிசைப்படி நடந்துகொண்டிருந்தன. மேலே இருந்த சவாரியின் முகத்தில் மாற்றமே இல்லை. கண் மட்டும் மூடியிருந்தது. இருபத்திரண்டு மாணவர்களும் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார்கள்.

"சார்! நகருது சார்!" என்று கத்தினார் எழுத்தர்.

அதிகாரியின் கழுத்து திரும்பப் பார்த்தது.

"அசையாதீங்க சார்!" என்றார் மேடம். "மூக்கு இப்பதான் வருது."

அதிகாரி அசையவில்லை. மூக்கு வந்து முடிந்து, அவர் எழுந்து பார்த்தபோது குதிரை வேலியோரம் கல்லாக நின்றுகொண்டிருந்தது.

"நகர்ந்துச்சா?"

"நகர்ந்துச்சு சார்," என்றார்கள் இருபத்திரண்டு பேரும் ஒரே குரலில்.

"நான் பார்க்கலையே. பார்க்காததை எப்படி எழுதுறது? அரசாங்கக் காகிதம்."

இரண்டு பேர் சேர்ந்து சவாரியை இறக்கினார்கள். கால் மரத்துப்போய் எழுத்தரின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். இனி கேட்பதற்கு எதுவும் இல்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. இருபத்தாறு வருடத்தில் ஒரே ஒரு தடவை நகர்ந்தார்; அதைப் பார்க்க வேண்டியவர் உட்கார்ந்துவிட்டார்.

"எழுத வேண்டாம் சார்," என்றார் மேடம், கரித்தூள் படிந்த கையைத் துடைத்தபடி. "மாசக் கடைசியோட இவரை அனுப்பிடுவீங்கல்ல. உங்க படத்துக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு தடவை உடம்பு தேவைப்படும். பரவால்ல, பீப்பாயையே வரைஞ்சுடறோம்."

அதிகாரி சவாரியைப் பார்த்தார். வெறுமையாகக் கிடக்கப்போகிற சுவரையும் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். பேனா மூடியை இரண்டு முறை கழற்றி மாட்டினார். கடைசியில் ஐந்து கட்டங்களுக்கும் குறுக்கே ஒரே கோடு இழுத்து எழுதினார்: 'சோதனை முடிவுறவில்லை. நடைபெற்றுவரும் ஓவியம் நிறைவடையும் வரை பணியிடம் நீடிக்கலாம்.'

அன்று வீட்டில் அந்த வரியைக் கேட்ட மனைவி, "ஒரு படம் வரைய எவ்வளவு நாள் ஆகும்?" என்றார்.

"மூணு மாசம்."

"அப்ப மூணு மாசந்தானா?"

"உனக்குப் பெரிய மனுஷங்களைத் தெரியாது," என்றார் சவாரி. இருபத்தாறு வருடம் அவர்களுடைய உடம்பாக இருந்தவருக்குத் தெரியாதா?

அவர் சொன்னதுதான் நடந்தது. படத்தை நீட்டுவதற்கு மேடம் ஒரு சூழ்ச்சியும் செய்ய வேண்டியிருக்கவில்லை. முதல் வருடம் அதிகாரிக்குப் பதவி உயர்வு வந்தது. பழைய கோட்டு பதவிக்குப் பொருந்தவில்லை, மாற்ற வேண்டும் என்றார். இரண்டாம் வருடம், இன்னொரு துறையின் இயக்குநர் அறையில் பழுப்புக் குதிரைப் படம் ஒன்று இருப்பதாகத் தெரியவந்தது. தன் குதிரை வெள்ளையாகட்டும் என்றார். மூன்றாம் வருடம் தலைமுடி. உண்மையில் உதிர்ந்துகொண்டே போனது, படத்தில் வளர்ந்துகொண்டே வந்தது. குதிரையை முன்னங்கால் இரண்டையும் தூக்க வைக்கலாமா என்று ஒரு நாள் கேட்டார். மறுவாரமே, விழுந்துவிடுவதுபோல் இருக்கிறது, கீழே இறக்குங்கள் என்றார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் சவாரி பீப்பாயில் ஏறினார். ஒவ்வொரு ஆறு மாதத்துக்கும் 'ஓவியம் நிறைவடையவில்லை' என்று மேலிடத்துக்கு ஒரு காகிதம் போனது. கையெழுத்து அதிகாரியுடையது.

நான்கு வருடம் முடிந்து சவாரி ஓய்வு பெற்ற அதே மாதம் படமும் முடிந்தது. இதற்கு மேல் மாற்ற உடம்பு இல்லை என்று மேடம் சொல்லிவிட்டார்.

திறப்பு விழாவுக்கு அழைப்பு எதுவும் வரவில்லை. மனைவிதான் பார்த்தே ஆக வேண்டும் என்று இழுத்துக்கொண்டு போனார். இருவரும் வரவேற்பறையின் கடைசி வரிசையில் நின்றார்கள். துணி விலகியது. வெள்ளைக் குதிரை, பின்னால் புயல் மேகம், இடுப்பில் கை, மேலே அடர்ந்த முடியோடு அதிகாரி. சிலைக் கையேடு எழுதிய அதே அறிஞரைப் பேச அழைத்திருந்தார்கள். குச்சியால் தொட்டுக் காட்டினார் அவர்.

"பாதத்தைக் கவனியுங்கள். வாழ்க்கையில் ஒருமுறைகூடத் தோற்காதவர்."

கைதட்டல் அடங்குவதற்குள் கடைசி வரிசையில் ஒரு சிரிப்புச் சத்தம் வெடித்தது. பத்தொன்பது வயதுச் சவாரி சாக்கடையில் கிடந்தபோது கேட்ட அதே சிரிப்பு. வாசலில் நின்ற காவலாளி ஓடிவந்தார்.

"அம்மா, என்னம்மா இது? பெரியவங்க படம்மா!"

"பெரியவர்தான், யாரு இல்லேன்னா?" என்றார் மனைவி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "தினமும் அந்தக் காலுக்குத் தைலம் தேய்க்கிறவ நான்தானே."

திரும்பும்போது பேருந்தில் கூட்டம். மனைவிக்கு ஓர் இடம் கிடைத்தது. சவாரி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தளபதி சிலை இருக்கிற வளைவில் வண்டி சாய்ந்து திரும்பியபோது எல்லாரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். அவர் மட்டும் முகம் மாறாமல், அசையாமல் நின்றார்.

"பெரியவரே," என்றார் நடத்துநர், கூட்டத்தைப் பிளந்து வந்துகொண்டே. "அந்த இடது காலைக் கொஞ்சம் உள்ள இழுத்துக்கங்க. போற வழியில நீட்டிக்கிட்டு நிக்கிறீங்க பாருங்க."

சவாரி முடிந்த மட்டும் இழுத்துப் பார்த்தார். அது வரவில்லை.